முப்பத்திரண்டாவது கரைசல்

ஹமூர் மீனின் செவுளிலிருந்து எடுத்தது,
மிளகில் பாதி.
உம் அல் குவைன் ஏலத்தில் விடிகாலை நாலரைக்கு
துடிப்பு அடங்காத மீனாகப் பார்த்து
நசீர் வாங்கி வந்தான்.
மீதியை அவனே குழம்பு வைத்தான்.
அந்த மீன் இருபது நிமிடத்தில் தீர்ந்தது.
மிளகில் பாதி
பதினோரு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அதுக்கு என்ன போடுவே என்று
போனில் கேட்டார்கள்.
சர்க்கரை, அமினோ அமிலங்கள், வைட்டமின்,
துளி செலினியம்.
பிறக்காத கன்றின் இரத்தத்தில் தெளிந்த சீரத்தை
போனில் சொல்லவில்லை.

அரை லிட்டர் சீரத்தின் விலை
அஜ்மானில் என் அறைக்கு இரண்டு மாத வாடகை.
டாக்டர் ஷம்ஸா விலைப்பட்டியலைக் கவிழ்த்து வைத்து
இது இல்லாமல் செய் என்றார்.
முடியுமா என்று கேட்கும் பழக்கம்
அவருக்கு இல்லை.

முதல் கரைசலில் இரண்டு நாள் தாங்கின.
நான்காவதில்
பிடித்திருந்த தரையை விட்டு
உருண்டு மிதந்தன.
ஒன்பதில் இன்சுலின் சேர்த்தேன்,
பதினொன்றில் இரும்பைச் சுமக்கும் புரதம்.
பதினாறுக்கு வந்த பெட்டி
வெள்ளி மாலை விமானத்திலிருந்து இறங்கி
திங்கள்வரை சரக்குக் கொட்டகைக்கு வெளியே கிடந்தது.
ஆகஸ்ட் மாதம்.
குளூட்டமின் பாதி அம்மோனியாவாகியிருந்தது.
யாருக்கு மெயில் எழுதுவது,
வெயிலுக்கா?

பசிக்கிறது என்று சொல்ல அதற்கு வாயில்லை.
நிறம்தான் பேச்சு.
சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சள் தட்டினால்
தின்றிருக்கிறது, கழித்திருக்கிறது,
இருக்கிறது.
வைத்தது வைத்தபடி
ரோஸ் மில்க் மாதிரி நின்றால்
இல்லை.
எனக்குத் தொடர்ந்து ரோஸ் மில்க்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்,
பெருநாள் விடுமுறையிலும்,
ரொவேனா குடுவையைச் சாய்த்துப் பழசை உறிஞ்சிப்
புதுசை ஊற்றுவாள்.
அப்போது தன் ஊர்ப் பாஷையில் ஏதோ திட்டுவாள்.
அர்த்தம் கேட்டதில்லை.
சாப்பிடாத பிள்ளையைத் திட்டுவதற்கு
எல்லா ஊரிலும் ஒரே ராகம்.

முப்பத்தொன்றும் செத்த வெள்ளிக்கிழமை
காயலில் இறங்கிக் குளித்தேன்.
கண் திறந்தேன், எரிந்தது.
தூத்துக்குடிக் கடலில் இப்படி எரியாது.
துடைத்துக்கொண்டே யோசித்து
துடைப்பதை நிறுத்தினேன்.

ஈரத் தலையோடு ஆய்வகம்.
அளவுக் கருவி முன்னூற்றுப் பத்து என்றது.
மனிதனுக்குச் சரி, எலிக்குச் சரி, கன்றுக்கும் சரி.
இது கடல் பிராணி.
அதை ஒரு வருடமாகக்
குளத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.
சீரம் இருந்தவரை
அந்தத் தப்பு வெளியே தெரியவில்லை.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே.
முப்பத்தொரு தடவை கொட்டின பிறகு
பழமொழி ஞாபகத்துக்கு வருகிறது.
அதையும் இங்கே
அவித்துக் கிருமி நீக்கித்தான் கொட்ட வேண்டும்.

ஆய்வகத் தண்ணீரும் இதே கடல்தான்.
கரையோர ஆலையில்
எரிவாயு எரித்து அதன் உப்பைப் பிரிக்கிறார்கள்.
தப்பித்து வந்ததை என் எந்திரம் பிடிக்கிறது.
இனி ஒன்றுமே இல்லை என்று
பச்சை விளக்கு எரிந்ததும்
ஜெர்மனியிலிருந்து வந்த டப்பாவைத் திறந்து
லிட்டருக்கு ஒன்றே முக்கால் கிராம்
உப்பு போட்டேன்.
சிரிப்பு வந்தது. முகமூடிக்குள்
யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ரொவேனா கூப்பிட்டாள்.
குடுவை ஆரஞ்சு.
நுண்ணோக்கியில்
தரையைக் கெட்டியாகப் பிடித்து
ஒன்றின் விளிம்பு இன்னொன்றைத் தொட,
இடம் போதாமல்.
இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.
நசீருக்கும் காட்டினோம்.
இதில் முள் எங்கே என்று கேட்டான்.

ஆறாவது தலைமுறையில் மறுபடி மந்தம்.
முப்பத்துமூன்றுக்குப் பட்டியல் எழுதுகிறேன்.

உறைபெட்டியின் அடித்தட்டில்
கடைசி சீரம் குப்பி, உடைக்காதது.
எறியவில்லை. தோற்றால் வேண்டியிருக்கும்.
லேபிளைத் துடைத்துப் பார்த்தேன்:
நாடு இருக்கிறது, காலாவதி இருக்கிறது,
தொகுதி எண் ஒன்று.
எத்தனை கன்றுகள் என்று
எங்கும் இல்லை.