முதல் இதழ், பக்கம் இருபத்திரண்டு

சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை,
இரண்டு மணி மின்வெட்டு.
திரைச்சீலைக் கடைக்குப் பின்னால்
ரொமேஷின் காமிக்ஸ் அறை.
நான்கு கைபேசி வெளிச்சத்தில்
நாங்கள் ஐந்து பேர்.
சார்ஜ் இல்லாத ஐந்தாவது, என்னுடையது.

இந்த மாதம் இரண்டு புதுத் தொடர்கள்.
ஜோகன்னஸ்பர்க்காரர்களின் 'சுரங்கத் தூசி'யைப்
பத்தே நிமிடத்தில் புதைத்துவிட்டோம்.
ரோபோக்கள் நல்ல ரோபோக்கள்தான்,
பேச வைத்ததுதான் தப்பு.

மீதி நேரமெல்லாம் நம்ம ஊர்க்காரிக்கு.
'துறைமுகி'.
பகலில் கிரேன் ஓட்டுபவள்,
இரவில் கடலுக்குக் காவல்.

"பிப்ரவரி. டர்பன். தோல் அங்கி," என்றான் க்ரீசன்.
"வில்லனே வேண்டாம், வேர்வையே கொன்றுவிடும்."
எதையும் பிடிக்கவில்லை என்றுதான் அவன் தொடங்குவான்.
எண்பத்தைந்து ராண்டுக்கு
ஏழு பக்கம் வெறும் வானம் என்று
எண்ணியே வைத்திருந்தான்.
தஷ்னிக்கு அந்த வானம்தான் வேண்டும்.
"கப்பல் துருவின் ஆரஞ்சை
இதற்கு முன் யார் போட்டார்கள், சொல்!"
அவன் சொல்லவில்லை.

நொதாண்டோ பன்னியின் மூடியைப் பிய்த்து
ஆட்டுக் குழம்பில் தோய்த்தாள்.
"அவள் பேசும் ஜூலு, பரீட்சைத் தாள்.
எங்கள் தெருவில் இப்படிப் பேசினால்
காய்ச்சலா என்று கேட்பார்கள்."
குழம்பு விரலோடு பக்கம் திருப்பப் போனவளை
ரொமேஷ் ஒரு பார்வை பார்த்தார்.
விரலை நக்கிவிட்டுத் திருப்பினாள்.

இருபத்திரண்டு.
ஒப்புக்கொள்கிறேன், அந்த இரட்டைப் பக்கம் அழகு.
அலை கட்டடமாய் எழுந்து நிற்கிறது.
மூழ்கிய கப்பலின் மணியில் கண்ட மந்திரத்தை
அவள் வாய் திறந்து சொல்ல,
பொன் எழுத்துகள்
இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு.
அடிக்குறிப்பு இல்லை.

"தமிழ்தானே? நீ படிப்பாயே."

நான் படிப்பேன் என்பது ஒரு வதந்தி.
ஆலயப் பள்ளியில் நான்கு வருடம்,
ஒரு சான்றிதழ், அதில் என் பெயரே பிழை.
ல, ள, ழ எனக்கு
ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று.
இருந்தாலும் நான்கு வெளிச்சமும்
என் பக்கம் திரும்பிவிட்டன.

செ.
ரு.
ப்.
பு.

நிறுத்தினேன்.
மறுபடி முதலிலிருந்து கூட்டினேன்.
மந்திரம் மாறவில்லை.

"செருப்புகளை இங்கே விடவும்."

என்ன அர்த்தம் என்று கேட்டார்கள்.
சொன்னேன்.
ரொமேஷ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.
க்ரீசனுக்கு அப்படியொரு மகிழ்ச்சி,
ஒரு முழுத் தொடரையும்
ஒரே வாக்கியத்தில் தோற்கடித்தவன்போல.
"எங்கோ கோயில் வாசல் பலகை!
படம் பிடித்து, அப்படியே ஒட்டி,
தங்கம் பூசிவிட்டான்!"

தஷ்னி சிரிக்கவில்லை.
அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.
"பாருங்கள்."

அலை அடங்கிவிட்டது.
நனைந்த சிமெண்டில் வில்லன் மண்டியிட்டிருக்கிறான்,
வெறுங்காலோடு.

இருபதாம் பக்கத்துக்கு ஓடினோம்.
அங்கே அவனுக்குப் பூட்ஸ்,
முழங்கால் வரை, பித்தளைக் கொக்கிகளோடு.

யாரும் சற்று நேரம் பேசவில்லை.

"வரைந்தவன் மறந்திருப்பான்," என்றான் க்ரீசன்.
"பத்துக் கொக்கியை மறப்பானா?" என்றாள் தஷ்னி.
"அவனுக்குத் தமிழ் தெரியும்."
"தெரியாது."
"அப்படியானால் மந்திரம் பலித்தது."
இதற்கு நொதாண்டோவின் வாக்கு.
அவள் இதுவரை எதற்கும் வாக்களித்ததில்லை.

விளக்கு வந்தது.
யாரும் கைபேசியை அணைக்கவில்லை.
ரொமேஷ் பூட்டப் போகிறேன் என்று
மூன்றாவது முறை சொன்னபோது
க்ரீசன் இரண்டாவது பிரதி வாங்கினான்,
"ஆதாரத்துக்கு" என்றான்.

நடைபாதையில் டாக்சிகள் ஹார்ன் அடிக்க,
எழுதிக் கொடு என்று கையை நீட்டினாள் நொதாண்டோ.
உள்ளங்கையில் இன்னும் மசாலா வாசம்.
பேனா வழுக்கியது.
'செருப்பு' வரை வந்து நின்றுவிட்டேன்.
செருப்புகளையா, செருப்புக்களையா?
நடுவில் க் வருமா வராதா?

இதழைத் திறந்து பார்த்திருக்கலாம்.
நான் க் போட்டேன்.
அவளுடைய மந்திரத்துக்கு
கொஞ்சம் அழுத்தம் கூடுதலாக இருக்கட்டும்.