தூசியா, ஆவியா

இருபது கொண்டையூசி வளைவும் இறங்கி
குமட்டலோடு தேடினேன்,
லீ பஜார் பின்தெருவில் அந்தக் கடையை.
கயிறு, தார்ப்பாய், ரப்பர் பூட்ஸ்,
ஆணியில் தொங்கும் மூக்குகள்.

"தூசியா, ஆவியா?"
கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி.
மருந்தடிக்க என்றேன்.
"என்ன மருந்து?"

நம் பேச்சில் காய்ச்சலுக்கும் மருந்து,
காப்பித்தண்டைத் துளைக்கிற வண்டுக்கும் மருந்து.
ஒன்றை மூன்று வேளை விழுங்கச் சொல்வார்கள்,
மற்றதை
மூடி திறக்கும்போதே முகத்தைத் திருப்பச் சொல்வார்கள்.
டப்பாவிலிருந்து கிழித்து வந்த லேபிளை நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

துணி மாஸ்க்கை எடுக்கவே இல்லை.
கொரோனாவில் மிஞ்சிய நீலத்தைக் காட்டி
"இது எதிரில் நிற்கிறவனைக் காப்பாத்தும், உங்களை இல்ல."
வெள்ளைக் கிண்ணம் போலொன்றை
உள்ளங்கையில் கவிழ்த்து யோசித்தார்.
"மிளகு தூற்ற, கோழிக் கொட்டகை கூட்ட இது போதும்.
ஆவிக்கு இதெல்லாம் திறந்த வீடு."

கடைசியில் வந்தது
இரு கன்னத்திலும் டப்பா வைத்த ரப்பர் முகம்.
ஆயிரத்து எழுநூறு.
என் தோட்டை மீட்க வைத்திருந்த பணம்.

"யார் போடப் போறாங்க?"
வீட்டுக்காரர்.
"தாடி உண்டா?"
உண்டு. சேர்வராயனுக்கு வேண்டுதல்,
தேர் ஓடும்வரை கத்தி படாது.
"அப்ப இது வேண்டாம்மா.
ரப்பர் தோலில் ஒட்டணும்.
மயிர் நடுவில நின்னா ஆவி அந்த வழியாப் போகும்."
மயிரிழையில் தப்பினான் என்பார்கள்.
மயிரிழையில் மாட்டுவதும் உண்டு போல.

இருந்தாலும் வாங்கிவிட்டேன்.
நாகலூர் வரை அந்த முகம் என் மடியில்,
பக்கத்து இருக்கைப் பிள்ளை
அதன் வாயில் விரலை விட்டபடி.

கரியராமன் விளக்கடியில் புரட்டிப் பார்த்தார்,
தாடியைத் தடவிக்கொண்டார்.
சாமிக்கு வைத்ததை டப்பாவுக்காக எடுப்பதா என்றார்.
நான் வாதாடவில்லை.
அந்தத் தாடி
போன மழைக்காலம் என் இருமல் நிற்கவென்று
அவர் வைத்தது.

அப்புறம்தான் உறைத்தது.
பதினோரு வருஷமாக
அவர் அடிக்கிறார், கலக்குகிறவள் நான்.
முந்தானையை மூக்கில் சுற்றி
வாளிமேல் குனிந்து குச்சியால் சுழற்றுகிறவள்.
கலக்குவது யாரென்று கடைக்காரர் கேட்கவில்லை,
எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

விடியலில் பட்டைகளை இழுத்துக் கட்டினேன்.
டப்பாக்களை உள்ளங்கையால் பொத்தி
மூச்சை உள்ளே இழுத்தேன்.
ரப்பர் கன்னத்தைக் கவ்வியது,
பசித்த குழந்தை மாதிரி.
வேலியோரம் வெடித்துக் கிடந்த பலா
திடீரென மணக்காமல் போனது.
வாளியைத் திறந்தேன்.
அதுவும் மணக்கவில்லை.

தெளிப்பானையும் நானே முதுகில் ஏற்றினேன்.
தொட்டித் தண்ணீரைச் சுமந்து
காற்றுக்கு மேற்புறம் வைத்துவிட்டு நகர்ந்தார்.
ஏதோ கத்தினார்,
என் பதில் ரப்பருக்குள்ளேயே கொதித்தது.

இரவு டப்பாக்களைக் கழற்றி
முறுக்கு டின்னில் இறுக்கி மூடினேன்,
மேலே தேதி எழுதினேன்.
கன்னத்தில் இரண்டு சிவந்த கோடுகள்.
அருகில் வந்து படுத்தவரின் தாடியில்
மருந்து வாடை.
எழுந்து போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னேன்.
தேருக்கு இன்னும் பதினெட்டு நாள்.

குளியல் சத்தம் நின்ற நேரத்தில்
ஒருமுறை இருமினேன்.
இருட்டில் அவர் கை
தாடிக்குப் போயிருக்கும்.