வருகைப் பதிவேடு

நாற்காலி காணாமல் போனதால்தான் நோட்டு போட்டேன்.
பன்னிரண்டு நீல நாற்காலி
ஒரே மாதத்தில் ஒன்பதாகிவிட்டது.
வருபவர் பெயர், வந்த நேரம், வந்த காரியம்.
திருடனைப் பிடிக்க ஆரம்பித்த கணக்கு,
வேறெதற்கும் இல்லை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் இரண்டாம் முறை மூடும்போது
கவுன்சிலர் அற்புதமேரி அக்கா பல் விளக்கிக்கொண்டிருப்பார்.
அதற்குள் வாசலில் நாலு ஜோடி செருப்பு.

கால்வாய் ஓரம் மாநகராட்சிக்குப் பதினாலு கிரவுண்டு கிடக்கிறது.
முள்செடி, சக்கரமில்லாத ஒரு ஆட்டோ,
சாயங்காலமானால் பந்து.
அது யாருக்கு என்பதுதான் எல்லாருடைய காரியமும்.
அப்படி வாய் திறந்து ஒருவர் கேட்டதில்லை.

கன்டெய்னர் லாரி உரிமையாளர் சங்கச் செயலாளர் ஜெயசீலன்
"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா" என்பார்.
மூன்று வாரத்தில் பதினோரு தடவை சும்மா பார்த்தார்.
ஒரு சும்மாவில் ஒரு கிலோ முந்திரி கேக்.
ஒரு சும்மாவில், அக்கா தம்பிக்கு
துறைமுகத்தில் ஏதோ சூப்பர்வைசர் வேலை காலியாம்.
காரியம் என்ற கட்டத்தில் நான் எழுதினேன்:
சும்மா.

ஐஸ் பேக்டரிக்காரர்கள் கும்பலாக வருவார்கள், ஒருவர்தான் பேசுவார்.
சுருட்டிக்கொண்டு வந்த படத்தை மேஜையில் விரித்து
நாலு மூலைக்கும் நாலு செல்போன் வைத்தார்கள்.
குளிர்பதனக் கிடங்கு, முன்னால் வரிசையாக மரம்,
மரத்தடியில் நாய்க்குட்டியோடு ஒரு வெள்ளைக்காரி.
படத்தில் நின்ற ஆட்களில் ஒருவர்கூட
எங்கள் வார்டு இல்லை.

மண்டபம் கட்ட நினைத்த பொன்னுரங்கம்
அக்காவைப் பார்க்க வரவே இல்லை.
டீக்கடையில் அக்கா வீட்டுக்காரர் தோளில் கை போட்டார்.
டீக்கடைக்கு நோட்டு கிடையாது.

செல்லக்கிளி, கால்வாய்க்கரை, ஏழு மணி.
சங்கம் கிங்கம் ஒன்றுமில்லை.
இருந்த நாற்காலியில் எல்லாம் ஆள்;
ஒன்பது வரை சுவரோரம் நின்றார், எக்ஸ்போர்ட் கம்பெனி வேன் வந்தது,
போய்விட்டார்.
மறு வாரமும். அதற்கு மறு வாரமும்.
அவர் பேருக்கு நேராகக் காரியம் காலியாகவே இருந்தது.
நாலாம் தடவை நானே கேட்டேன்.
"இருபத்தாறு வூட்டுக்கு ஒரு கக்கூஸ்மா.
அந்த எடத்துல ரெண்டு கட்டிக் குடுத்தா போதும்.
நீயே அக்காவாண்ட சொல்லிடேன்."
சொன்னேன். அக்கா போனில் இருந்தார்.
தலையாட்டினார்,
போனுக்கா எனக்கா தெரியவில்லை.

மன்றக் கூட்டத்தில் அது எழுபத்து மூன்றாவது தீர்மானம்.
லாரி நிறுத்துமிடம். ஏகமனதாக.
ராத்திரி வந்த அக்கா
சங்கத்தார் போர்த்திய சால்வையை மடித்து பீரோ மேல் எறிந்தார்;
அங்கே ஏற்கெனவே முப்பது நாற்பது இருக்கும்.
"நான் கை தூக்கலடி," என்றார்.
"யாருமே தூக்கல.
அதான் ஏகமனது."

பிறகு மண்டல அலுவலகம் வழியாக ஒரு கடிதம்,
தகவல் உரிமைச் சட்டத்தில்.
அந்த இடம் குறித்து யார் யார் சந்தித்தார்கள், எத்தனை முறை.
அக்கா சொல்லவில்லை, நானேதான் டைப் அடித்தேன்:
மேற்படி பொருள் தொடர்பாக
வருகைப் பதிவேடு எதுவும் பராமரிக்கப்படவில்லை.
பிரின்டர் ஒரு பக்கம் ஆடும்.
இடது காலுக்கு அண்டைகொடுக்க
நோட்டை நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.
இப்போது ஆடுவதில்லை.

இன்று செல்லக்கிளி வந்திருக்கிறார்.
நிற்கவில்லை.
புது நாற்காலி இருபது வந்து இறங்கியிருக்கிறது,
ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.
அவர் முதுகுக்குப் பின்னால்
சிவப்பு எழுத்தில் சங்கத்தின் பெயர்.

"இன்னாம்மா," என்கிறார்,
"இன்னிக்கு என் பேரு எழுதிக்கலியா?"