வேது வெள்ளத்துக்குக் கணக்கு

சுகிர்தாவுக்கு வலி கண்ட அன்றைக்கு
அடுக்களைச் சாய்ப்பில் இருந்தது:
காய்ந்த ரப்பர்க் கொள்ளி இருநூற்றுப் பதினாறு,
கொதும்பு ஒரு கட்டு,
உரச்சாக்கில் முக்கால்வாசி சிரட்டை.
ஐப்பசியில் ஒருநாள் வெயிலடித்தது.
நான் அதை நம்பிவிட்டேன்.

குளிப்பாட்ட வந்த லீலாபாய்
வார்ப்பைத் தட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"நாப்பத்தொரு நாளு. ரெண்டு நேரம்.
எலை வெந்து வெள்ளம் நெறம் மாறணும்.
சும்மா சூடாக்குனா போராது."
கேஸ் இருக்கே என்றேன்.
அந்த வார்ப்பையும் எங்கள் கேஸ் அடுப்பையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ஒரு குளிக்கு ஆறு கொள்ளி.
நாளைக்குப் பன்னிரண்டு.
இருக்கிறது பதினெட்டு நாளைக்கு.
மீதி இருபத்துமூன்று நாள்
கடையாலுமூட்டு மேகத்தின் கையில்.

மழையில் பால்வெட்டு இல்லை,
வெட்டில்லாத நாளில் கூலி இல்லை,
ஆகவே விறகைப் பார்த்துக்கொண்டிருக்க
எனக்கு நேரம் இருந்தது.

ஈர ரப்பரைத் தீயில் வைத்தால்
எரியாது, சீறும்.
முனையில் வெள்ளையாய் நுரை தள்ளும்.
எட்டு வருடம் தோல் சீவி நான் எடுத்தது போக
உள்ளே இன்னும் பாக்கி வைத்திருந்தது.

இன்றைய தீயைச் சுற்றி
நாளைக்குள்ளதைச் சாத்தினேன்,
பட்டை வெளியே, வெட்டுவாய் தீக்கு.
மறுநாளைக்குள்ளது அடுப்புக்கு மேலே கம்பியில்.
ராத்திரி எழுந்து திருப்பிப் போட்டேன்.
பிள்ளை அழுதாலும் எழுந்தேன்.
எதற்கு எழுந்தேன் என்று
சில ராத்திரி தெரியவில்லை.

இருபத்துமூன்றாம் நாள்
புகை அறைக்குள் வந்தது.
சுகிர்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.
"தையலு பிரிஞ்சிரும் போல இருக்கு."
குற்றமாய்ச் சொல்லவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

எல்லையில் ஒரு அயனி கிடந்தது.
மூன்று வருடம் முன்பு காற்றில் சாய்ந்தது;
மூடு என் பக்கம்,
தலை ஏசுவடியான் பக்கம்.
பத்மநாபபுரம் கோர்ட்டில் வழக்கு.
தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக்கூடாது.
தொடாததனாலேயே அது காய்ந்தது.
மேல்தோல் நனையும், வைரம் நனையாது.
ஊரிலேயே நல்ல விறகு
வாய்தா வாய்தாவாய்க் கிடந்தது.

அன்று ராத்திரி கோடாலிச் சத்தம்.
மழை கூடும்போது மட்டும் விழும் வெட்டு,
மழை குறைந்தால் நிற்கும்.
களவாணிப் பயல் என்றேன்.
எழுந்து போயிருப்பேன்,
பிள்ளை என் நெஞ்சின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது.
வக்கீலுக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று
கூரையைப் பார்த்து மனப்பாடம் செய்தேன்.

விடிந்து கதவைத் திறந்தால்
அடுக்களைச் சுவரோரம்
ரப்பர் மரத்துக்குக் கட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி
பன்னிரண்டு கொள்ளி.
பதினொன்றில்லை, பதிமூன்றில்லை.
என் வீட்டுப் புகையை
வேலிக்கு அந்தப்பக்கம் ஒருவன் எண்ணியிருக்கிறான்.

அயனியின் தலைப்பக்கம் ஒரு முழம் குறைந்திருந்தது.
மறுநாள் நான் மூட்டுப்பக்கம் வெட்டினேன், பகலில்.
அவன் தலைப்பக்கம், ராத்திரியில்.
பேசவில்லை.
ஒருமுறை அவன் கோடாலி என் பக்கம் கிடந்தது,
துடைத்து வேலியில் சாத்தினேன்.
வார்ப்பு சத்தம் போட்டுக் கொதித்தது.
சுகிர்தா இருமவில்லை.

மார்கழி வாய்தாவில் கேட்டார்கள்:
மரத்தின் தற்போதைய நிலை?
ஏசுவடியான் தன் செருப்பைப் பார்த்தான்.
"காணல்ல" என்றான்.
"ஆமா, காணல்ல" என்றேன்.
இரண்டு வக்கீல்களும்
ஒரே நேரத்தில் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பங்குனி பதிமூன்றுக்குத் தள்ளி வைத்திருக்கிறது.
அதற்குள் இடவப்பாதிக்குள்ள விறகைக் கீறி
சாய்ப்பில் அடுக்கிவிட வேண்டும்,
இந்தமுறை தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி.