அச்சு அசல்

கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது
ஸ்டோரில் நிற்கும் நேப்பாளப் பையன்.
பதினான்கு நாள் என்றிருந்தது.
பிறை தொழிற்பேட்டையில் மழை.
நாலாயிரத்து இருநூறு ஜக்குகள்
கூரை முட்ட அடுக்கியிருந்தன.

தே தாரேக் ஆற்றும் கடைகளுக்கான ஜக்கு.
கிள்ளான் கம்பெனியின் சரக்கு முப்பத்திரண்டு வெள்ளி.
என்னுடையது பத்தொன்பது.
அவர்களுடையதில் ஒன்றை வாங்கி, குறுக்கே அறுத்து
பூன் ஹுவாட்டின் மேசையில் வைத்தேன்.
காலிப்பரால் அளந்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.
அச்சுக்கு மட்டும் விலை சொன்னார்.

ஏழு மாற்றம் செய்துவிட்டால் நகல் ஆகாது
என்பான் மரியதாஸ்.
எண்ணி ஏழு செய்தேன்.
நீலம் பச்சையானது, அடியில் ஒரு வளையம்,
மூடியில் ஒரு பூ, என் மகளின் பெயர்.
மிச்சம் மூன்று இப்போது நினைவில்லை.

பிஷப் தெரு, இரண்டாம் மாடி.
வழக்கறிஞர் சுகிர்தா
இரண்டு ஜக்கையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார்.
ஏழு கணக்கைச் சொன்னேன். சிரிக்கவில்லை.
"அந்த ஏழு எந்தச் சட்டத்தில் இருக்கிறது?"

பிறகு கைப்பிடி ஓரத்துச் சின்னக் குழியைத் தொட்டார்.
"இது எதற்கு?"

பதினோரு மாதம் விற்றவன் நான்.
வார்ப்பில் விழுந்த பள்ளமோ,
அழகுக்கோ என்றேன்.
அவர் ஜக்கை இடக்கையால் தூக்கினார்.
கட்டைவிரல் போய் உட்கார்ந்தது.

எதிர்த்தரப்புப் படத்தின் நகல், ஆறாம் பக்கம்.
குழிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி:
இடக்கைக்காரனுக்கும் ஓர் இடம்.

"காப்பி அடித்த பையனிடம் வாத்தியார்
சரியான விடையைப் பற்றிக் கேட்கமாட்டார்," என்றார்.
"இப்படி ஒன்றைத்தான் கேட்பார்."

அவர்கள் கேட்பது இவ்வளவு:
விற்ற லாபத்துக்குக் கணக்கு,
விற்காத சரக்கு,
பூன் ஹுவாட் செதுக்கிய அச்சு.
எதிர்த்து நிற்கலாம், தோற்றால்
அவர்கள் வக்கீல் செலவும் என் தலையில்.

அச்சு அசலாக இருக்கிறதே என்று
முதல் பெட்டி பிரித்த அன்று யாரோ சொன்னார்கள்.
காது குளிர்ந்தது.
இனி அச்சு அவர்களுக்கு.
அசல் எனக்கு, வட்டியோடு, வங்கியில்,
இன்னும் முப்பத்தோரு மாதம்.

ஃபெரிக்குக் காத்திருந்தபோது தே கேட்டேன்.
ஆற்றியவர் கையில் பச்சை ஜக்கு.
மகளின் பெயர் பாதி தேய்ந்திருந்தது.
வலக்கைக்காரர்.
குழியில் நுரை தேங்கியிருந்தது,
அதை அவர் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.