கழிவுப் பட்டியல்

புதுவயல் கிளை நூலகத்தில்
பதினோரு அலமாரி.
பன்னிரண்டாவது கேட்டு எழுதினேன்.
சிவகங்கையிலிருந்து பதில் வந்தது:
இருப்பைச் சரிபார்த்து
முதலில் கழிவுப் பட்டியல் அனுப்பவும்.

ஐந்து வருடம் யாரும் எடுக்காதது,
முதுகு பிரிந்தது,
செல்லரித்தது,
காலம் கடந்தது.
விதி அவ்வளவுதான்.
முக்காலி போட்டு மேல்தட்டில் ஆரம்பித்தேன்.

இது ஆலைகளின் ஊர்.
அரவை நடக்கும் நாளெல்லாம்
உமித்தூசி ஜன்னல் வழியே வந்து
சமயம், சட்டம், சமையல் என்று பாராமல்
உட்கார்ந்துவிடும்.
எதன் தலையில் தூசி இல்லையோ
அது நடமாடுகிற புத்தகம்.
தேதிச் சீட்டைப் பார்க்குமுன்
விரல் சொல்லிவிடும்.

முதல் நாள் சுலபம்.
ஏதோ ஒரு திட்டக்காலத்தின் சாதனைச் சுருக்கம்,
ஏழு பிரதி, ஏழும் கன்னி கழியாமல்.
பிளாப்பி செருகக் கற்றுத்தரும்
கணிப்பொறிப் பாடம்.
ஒழிந்துபோன பாடத்திட்டத்துக்கு
வினா விடை, பதினாறு.
பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்தேன்.
கை நடுங்கவில்லை.

மூன்றாம் நாள்
சிகப்பி ஆச்சி வீட்டிலிருந்து குட்டியானை வண்டி.
வீடு பாகம் பிரிகிறதாம்.
ஒன்பது மூட்டை, "எல்லாம் நூலகத்துக்குத்தான்."
புரவலர் ரசீது எண் மூன்று அவர்கள்.
வேண்டாமென்று எப்படிச் சொல்ல?
பிரித்தால்
மணிவிழா மலர் மட்டும் முப்பத்தெட்டு.
முப்பத்தெட்டிலும் மாலையோடு
யாரோ இருவர் நேராகப் பார்க்கிறார்கள்.
அடியில் ஒரு பேரேடு,
தலையில் உ போட்டு
வரவும் பற்றும் வட்டியும் வளைந்த எழுத்தில்.
அதை மட்டும் துணியில் சுற்றி
வண்டிக்காரரிடமே கொடுத்தனுப்பினேன்.
இரண்டு மூட்டை எடுத்தேன்.
ஏழு மூட்டைக்கு
இன்னும் ஆச்சி வீட்டில் பேச்சு.

ஐந்தாம் நாள், எண் 6214.
நீராவிக் கொதிகலன் பற்றியது, கெட்டி அட்டை.
சீட்டில் கடைசி முத்திரை தொண்ணூற்றேழு.
கோடு இழுக்கப் பேனாவை எடுத்துவிட்டேன்.
விரல் நின்றது:
தலையில் தூசி இல்லை.

உள்ளே நூற்றுப் பன்னிரண்டில்
ஒரு தீப்பெட்டி அட்டை.
மறுநாள் அது நூற்றுப் பதினெட்டில்.

நாலு மணிக்கு வந்தார் அடைக்கலம்,
ராத்திரி ஷிப்டுக்கு முன்,
புருவத்தில் சாம்பலோடு.
"எடுத்துட்டுப் போலாமே?"
"விலாசம் இல்லைங்க மேடம். ஆலைக் கொட்டகை."
"புத்தகம் ரொம்பப் பழசு."
"எங்க பாய்லர் அதைவிடப் பழசுங்க."

காரணம் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று
ஒரு தேநீர் ஆறும்வரை யோசித்தேன்.
மேசையில் உட்கார்ந்து படிப்பவருக்கு
முத்திரை கிடையாது.
பட்டியலிலிருந்து எண்ணை அடித்தேன்,
காரணத்தைக் காலியாக விட்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம்
கிலோ பதினான்கு ரூபாய்க்கு
லாரி ஏறிய மறுவாரம்
ஒரு பையன் வந்தான், வியர்த்து.
பழைய பாடத்திட்டத்தில்
ஒரு பேப்பர் பாக்கியாம்,
இதுதான் கடைசி வாய்ப்பாம்.
"அந்த வினா விடை இங்கதான் இருந்துச்சே மேடம்."
இருந்தது.
காலி இடத்தைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் இருவரும்
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
பெயரும் போன் நம்பரும் வாங்கி வைத்திருக்கிறேன்.
காரைக்குடியில் கேட்டாயிற்று,
தேவகோட்டையில் பார்க்கிறேன் என்றார்கள்.

நேற்று சிவகங்கைக் கடிதம்:
போதிய இடம் ஏற்பட்டுள்ளதால்
புதிய அலமாரி தேவையில்லை.

கூடவே ஒரு கட்டு, நாற்பத்தாறு புது நூல்கள்.
முப்பத்தொன்று போட்டித் தேர்வு.
நான் கேட்ட கோழி வைத்தியம் வரவில்லை,
கேட்காத வாஸ்து இரண்டு பிரதி.
சீட்டு ஒட்டுகிறேன்.
பசை காய்வதற்குள்
உமி வந்து பிடித்துக்கொள்கிறது.

தீப்பெட்டி அட்டை இன்று நூற்று முப்பத்தொன்றில்.
புரட்டிப் பார்த்தேன்.
அடுத்த அத்தியாயம்:
அழுத்தம் கூடும்போது செய்ய வேண்டியவை.