அறுபத்திரண்டு துளை

ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில்
நஞ்சுண்டப்பாவின் காயலான் கடை.
குக்கர் மூடிக்கும் ஃபேன் இறக்கைக்கும் நடுவே
ஒரு ரப்பர் குதிரை.
இருபது ரூபாய் என்றார்.
மொட்டைக் குதிரைக்கா?
பதினைந்து.

கழுத்தை வெந்நீரில் ஊறவைத்துத் திருகினால்
தலை கையோடு வந்துவிடும்.
வந்தது.
வாலைப் பிடித்திருந்த வாஷர் துருவேறி
வயிற்றுக்குள் முழுக்கச் செம்மண் நிறம்.

மறுநாள் முதல் ஷிப்டில்
மிஞ்சிய எவர்சில்வர் துண்டை லேத்தில் மாட்டி
புது வாஷர் கடைந்தேன்.
சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.
வீட்டு மோட்டாருக்கு சார்.

சாயங்காலம் ஃபேன்சி ஸ்டோரில்
ஊதா நைலான், இரண்டு கண்டு.
"பாப்பாவுக்கா அக்கா?"
ஆமாம் என்றேன்.
அன்றைக்கு அது இரண்டாவது பொய்.
எனக்குத்தான் என்று சொல்ல
நாற்பத்தோரு வயது போதவில்லை.

பிடரியில் அறுபத்திரண்டு துளை.
உள்ளிருந்து குத்தி, வெளியே இழுத்து,
உள்ளே முடிச்சு.
முப்பதாவதில் விரலில் ரத்தம்.
ஐம்பத்தொன்றில் கரண்ட் போனது.
செல்போன் டார்ச்சைச் சொம்பில் சாய்த்து வைத்தேன்.
அதே போனில் கூப்பிட்டாள்
பக்கத்து மெஷின் வரலட்சுமி.
"என்னடி பண்றே இருட்டுல?"

குதிரைக்கு முடி நட்டுக்கிட்டிருக்கேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு,
"என்ன கலரு?"